பொறை என்னும் சுமை: வேலூர் வட்டாரத் தொழுநோய்ப் பணி வரலாற்றில் கிறித்தவ அன்பும் மன்னிப்பும்

பகைவரிடத்தும் அன்பு செய்தல், தீங்கிழைத்தாரைப் பொறுத்தருளல் என்னும் இரண்டும் கிறித்தவ அறத்தின் நடுவண் நிற்பன. இவ்வறத்தைப் போற்றும் தமிழ் நூல்கள் பலவாம். வீரமாமுனிவரின் தேம்பாவணியும், எச். ஏ. கிருட்டிணபிள்ளை 1894-இல் வெளியிட்ட இரட்சணிய யாத்திரிகமும் அவற்றுள் தலையாயவை. அந்நூல்களின் சொன்னயமும் பொருணயமும் அறிஞர் பலரால் ஆராயப்பட்டுள்ளன. நூலிற் போற்றப்பட்ட அறம் ஒரு வட்டாரத்து மக்களின் உறவுகளில் யாங்ஙனம் நடைமுறையாயிற்று, எவ்விடத்துத் தடுமாறிற்று என்பது தனியே ஆராயத்தக்க மற்றொரு வினா. அவ்வினாவை வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர் ஆகிய தோல்தொழில் நகரங்களைத் தன்னகத்தே கொண்ட பாலாற்று வட்டாரத்தில், தொழுநோயாளர்க்கு நிகழ்ந்த பணியின் வரலாற்றைக் கொண்டு ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொழுநோயை யாம் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. பிற நோய்கள் உடலை வருத்துவன. இந்நோயோ, மக்களின் அச்சத்தினால், உறவையே அறுத்தது. கணவன் மனைவியை நீங்கினான். பெற்றோர் மகனைத் திண்ணைக்கு அப்பால் நிறுத்தினர். ஊர் தன் எல்லைக்கு வெளியே இடம் காட்டியது. ஆகவே நோய் தீர்ந்த பின்னரும் தீராத புண் ஒன்று எஞ்சிற்று. விலக்கப்பட்டவரும் விலக்கியவரும் மீண்டும் ஒரு கூரையின்கீழ் வாழ்தல் எங்ஙனம்? தியாக அன்பும் மன்னிப்பும் வெறுஞ்சொல்லோ மெய்ப்பொருளோ என்பதை இவ்விடத்தே உரைத்துப் பார்க்கலாம்.

1. பொறை என்னும் சொல்

முதற்கண் சொல்லை நோக்குவோம். இக்காலத்து வழக்கில் ‘மன்னிப்பு’ என்பதே பெருவழக்கு. பழந்தமிழ் அறநூல்கள் இப்பொருளில் ஆள்வது ‘பொறை’ என்னும் சொல்லாகும். திருக்குறளில் பொறையுடைமை பதினாறாம் அதிகாரமாக அமைந்துள்ளது. பொறை என்பதற்குச் சுமை என்ற பொருளும் உண்டு; பொறுத்தல் என்பது தாங்குதலையும் குறிக்கும். தூணொன்று உத்தரத்தைப் பொறுக்கின்றது என்கின்றோம். ஒருவர் பிறர் செய்த பிழையைப் பொறுக்கின்றார் என்றும் கூறுகின்றோம். இரண்டிடத்தும் வினை ஒன்றே. வள்ளுவர் இவ்வதிகாரத்தின் தொடக்கத்திலேயே, தன்னைத் தோண்டுவோரையும் சுமந்து நிற்கும் மண்ணை உவமையாக்கினார். ஆதலின், தமிழ் மரபில் மன்னித்தல் என்பது மனத்தளவில் நிகழ்ந்து மறையும் உணர்ச்சியாகக் கொள்ளப்படாமல், பாரம் ஒன்றைத் தாங்கும் செயலாகக் கொள்ளப்பட்டது எனலாம்.

சுமை எனின், அதனைச் சுமப்பவர் யார் என்ற வினா உடன் எழும். வலியவன் சுமக்க வேண்டியதை மெலியவன் தலையில் ஏற்றுதல் அறமாகாது. விவிலியத்தில் பவுலடியார் பிலமோனுக்கு எழுதிய திருமுகம் இவ்விடத்து ஒப்புநோக்கத்தக்கது. தலைவனிடமிருந்து நீங்கிச் சென்ற அடிமையாகிய ஒநேசிமுவை அவனிடமே திருப்பியனுப்பும் பவுல், அவன் இழைத்த இழப்பு ஏதேனும் இருப்பின் அதனைத் தம் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகின்றார். இருவர்க்கு இடையே முறிந்த உறவை ஒட்டவைக்க மூன்றாமவர் ஒருவர் கடனை ஏற்கின்றார். பொறை என்னும் தமிழ்ச்சொல்லின் உட்பொருளும் இத்திருமுகத்தின் உட்கிடையும் பெரிதும் ஒத்தியலுகின்றன.

2. இலக்கிய மரபு காட்டும் இருவகை

தமிழ் மரபில் இவ்வறம் யார்மாட்டு எதிர்பார்க்கப்பட்டது என்பதற்கு இரண்டு கதைகளைச் சான்றாக எடுத்துக்கொள்வோம். முதலாவது மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. திருக்கோவலூரில் அரசு புரிந்த அவரைப் போரில் வெல்லமாட்டாத முத்தநாதன் அடியார் வேடம் பூண்டு வந்து வாளால் வீழ்த்தினான். நாயனாரோ, கொலைஞனுக்குத் தீங்கு நேராவண்ணம் அவனை நகர்க்கு அப்பால் கொண்டு சேர்க்குமாறு தம் காவலனாகிய தத்தனைப் பணித்து, அவன் நலமே சென்றான் என்னும் செய்தி வரும்வரை உயிர் தாங்கியிருந்தார் என்று பெரியபுராணம் கூறும். இங்குப் பொறுப்பவர் அரசர். ஒரு சொல்லால் பகைவனைக் கொல்லவல்லவர். வல்லமை இருந்தும் அதனைத் துறந்தமையே அவர் பொறையின் சிறப்பு.

இரண்டாவது நளாயினி கதை. தொழுநோயுற்ற முதிய கணவர்க்கு அருவருப்பின்றிப் பணிசெய்த மனைவியின் கற்பைப் புகழ்வது அது. நளாயினியின் அன்பு பெரிதே. அதனை யாம் குறைத்துக் கூறவில்லை. ஆயினும் அக்கதையை மக்கள் வழங்கிய முறையில் ஒன்று புலனாகின்றது. நோயுற்ற கணவனை மனைவி விட்டு நீங்கலாகாது என்பது அறமாகப் போற்றப்பட்டது. நோயுற்ற மனைவியைப் பேணிய கணவனின் கதை அதனையொத்த புகழைப் பெறவில்லை. தியாகம் ஒரு பாலார்க்கே விதிக்கப்பட்டபோது அது அன்பின் பெயரால் ஏற்றிய சுமையாகிவிடுகின்றது.

பழந்தமிழ்ச் சமுதாயம் இந்நோயாளரை முற்றும் மறந்துவிட்டதென்றும் கூறவியலாது. புகார் நகரத்து மன்றங்களுள் ஒன்றாகிய இலஞ்சி மன்றத்துப் பொய்கையில் மூழ்கி வலம் வந்தால், உடற்குறை உடையாரும் மெய் அழுகும் நோயாளரும் நலம்பெற்று மீள்வர் எனச் சிலப்பதிகாரம் குறிக்கின்றது. நகரின் நடுவே அவர்கட்கு ஓர் இடம் இருந்தது என்னும் கற்பனையேனும் அக்காலத்துப் புலவர் நெஞ்சில் இருந்தமை மகிழ்தற்குரியது.

3. தோல் நகரங்களும் மருத்துவப் பணியும்

பாலாற்றங்கரையில் தோல்தொழில் வேரூன்றியமைக்குக் கால்நடைத் தோலும், சுண்ணாம்பும், பதனிடுதற்குரிய ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கிடைத்தமை துணைசெய்தன. இத்தொழில் வணிகர்க்குச் செல்வத்தை ஈட்டித் தந்தது. தொட்டிகளில் இறங்கித் தோலைப் புரட்டிய உழைப்பாளிக்கோ இழிவையே தந்தது. செத்த விலங்கின் தோலைத் தொடுபவன் தீண்டத்தகாதவன் என்ற கொடிய வழக்கு அவ்வுழைப்பாளியை ஊருக்குப் புறம்பே வைத்தது. ஆகவே இவ்வட்டாரத்தில் பிறப்பினால் விலக்கப்பட்டோர், நோயினால் விலக்கப்பட்டோர் என இரு திறத்தார் வாழ்ந்தனர். இவ்விரு விலக்குகளும் பின்னர் ஓரிடத்தே சந்தித்தமையைக் கீழே காண்போம்.

கிறித்தவ மருத்துவப் பணி இங்குத் தொடங்கியது ஸ்கட்டர் குடும்பத்தாரால் ஆகும். 1819-இல் இலங்கைக்கு வந்து பின்னர்ச் சென்னையிற் பணிபுரிந்த ஜான் ஸ்கட்டரின் மைந்தர்கள் 1853-இல் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். அக்குடும்பத்து ஐடா ஸ்கட்டர் 1870-இல் இராணிப்பேட்டையிற் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில், வெவ்வேறு சமூகத்தைச் சார்ந்த மூவர் தத்தம் மனைவியரின் பேற்றுக்கால இடருக்குப் பெண் மருத்துவரை நாடி வந்தமையும், ஆண் மருத்துவரை ஏற்க மறுத்தமையும், அம்மூன்று பெண்களும் மாண்டமையும் அவர் வாழ்வின் போக்கை மாற்றின. அவர் 1900-இல் வேலூரில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி உருவாயிற்று. அப்பள்ளியே வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்தது. குடியேற்றம் செல்லும் சாலையோரத்து மரநிழலில் அவர் நடத்திய மருத்துவ முகாம்களில் தொழுநோயாளரும் வந்து கூடினர்.

எனினும் பெரிய மருத்துவமனையின் உள்ளே அவர்க்கு எளிதில் இடம் கிடைக்கவில்லை. தொழுநோயாளரைச் சேர்த்தால் ஏனைய நோயாளர் அஞ்சி நீங்குவர் என்ற தயக்கம் அங்கும் நிலவிற்று. அன்பின் பெயரால் எழுந்த நிறுவனமும் தன் காலத்து அச்சத்தினின்று முற்றும் விடுபட்டிருக்கவில்லை என்பதை வரலாற்றாசிரியர் மறைத்தல் கூடாது.

4. கொல்லிமலை நிகழ்ச்சி

வேலூரில் இந்நிலையை மாற்றியவருள் முதன்மையானவர் அறுவை மருத்துவர் பால் பிராண்டு. அவர் 1914-இல் கொல்லிமலையிற் பிறந்தவர். அவருடைய பெற்றோராகிய ஜெஸ்ஸி பிராண்டும் எவலின் பிராண்டும் அம்மலையில் சமயப் பணியும் மருத்துவப் பணியும் புரிந்தனர். அவர்தம் வாழ்வில் நிகழ்ந்த ஒரு செய்தி பகைவரிடத்து அன்பு என்பதற்கு இலக்கியம்போல் அமைந்துள்ளமையால் இங்குக் கூறத்தக்கது.

மலைவாழ் மக்களின் பூசாரி ஒருவர் அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்தார். அவருடைய எதிர்ப்பினால் மக்கள் அணுக அஞ்சினர். ஆண்டுகள் பல கழிந்தும் ஒருவரும் அவர்தம் சமயத்தைத் தழுவவில்லை. பூசாரியின் நிலையில் நின்று நோக்கின் அவ்வெதிர்ப்பு இயல்பானதே. தம் மக்களின் தெய்வத்தையும் வழக்கத்தையும் காத்தல் தம் கடன் என அவர் கருதியிருத்தல் கூடும். முதல் உலகப்போரின் முடிவையொட்டி உலகெங்கும் பரவிய நச்சுக்காய்ச்சல் கொல்லிமலையையும் தாக்கியது. நோயுற்றாரை உறவினரும் அஞ்சி நீங்கிய அக்காலத்தில் பிராண்டு இணையர் குடில்தோறும் சென்று பணிசெய்தனர். பூசாரியும் நோய்வாய்ப்பட்டார். சாவு நெருங்கியதை உணர்ந்த அவர், தாம் இத்துணைக் காலம் எதிர்த்துவந்த அவ்விருவரிடமே தம் மக்களை ஒப்படைத்து மறைந்தார். அவர்களும் அப்பிள்ளைகளைத் தம் பிள்ளைகளாக ஏற்றனர். பெண்மகவு ரூத் என்னும் பெயருடன் அவ்வீட்டிலேயே வளர்ந்தது.

இந்நிகழ்ச்சியில் மன்னிப்பு என்னும் சொல் எவர் வாயினின்றும் வெளிப்பட்டதாகத் தெரியவில்லை. பூசாரி பிழை பொறுக்குமாறு கேட்கவில்லை. கேட்குமாறு பிராண்டு இணையரும் எதிர்பார்க்கவில்லை. குழந்தையைக் கைந்நீட்டி வாங்கிய செயலிலேயே யாவும் அடங்கின. பூசாரியின் பெருமையும் ஈண்டுக் கருதத்தக்கது. தம் பகைவரின் நெஞ்சத்தைத் தம் மக்களின் வாழ்வையே பணயமாக வைத்து நம்பிய துணிவு எளிதன்று. பொறை ஒருவர் தர மற்றொருவர் பெறுவது மட்டுமாயின் பெறுபவர் தாழ்வர். இங்கோ இருவரும் ஒருவரையொருவர் நம்பினமையால் இருவரும் உயர்ந்தனர்.

5. தொட்ட கையும் திருந்திய கையும்

இங்கிலாந்தில் கல்வி கற்ற பால் பிராண்டு, தொழுநோய் அறிஞராகிய ராபர்ட் காக்ரனின் அழைப்பின்பேரில் 1946-இல் வேலூருக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்திற்குச் சென்றபோது, விரல்கள் மடங்கி முடங்கிய ஒரு நோயாளரிடம் தம் கையை இறுகப் பற்றுமாறு கூறினார். வலுவிழந்திருக்கும் என எண்ணிய கை அவருக்கே வலியெடுக்கும் அளவிற்கு இறுகப் பற்றியது. முன்கைத் தசைகள் பல நலமாகவே உள்ளன, நரம்பு செயலிழந்த இடத்திற்கு நல்ல தசையின் நாணை மாற்றிப் பொருத்தினால் விரல்கள் நிமிரும் என்ற எண்ணம் அப்போது பிறந்தது. 1940-களின் இறுதியில் வேலூரில் இவ்வறுவை முறை தொடங்கப்பெற்றது.

நோயைப் பற்றிய கருத்தும் இதனால் மாறிற்று. நார்வே நாட்டு ஹான்சன் 1873-இலேயே நோய்க்கிருமியைக் கண்டறிந்திருந்தார். ஆயினும் விரல்கள் அழுகித் தாமே உதிர்கின்றன என்றே மக்கள் எண்ணினர். வேலூரில் நோயாளரின் அன்றாட வாழ்வை உற்று நோக்கியோர் வேறொன்றைக் கண்டனர். நரம்பு மரத்துப்போனமையால் நோயாளர் வலியை அறிவதில்லை. ஆகவே சுடுகலத்தைப் பற்றுவர், துருப்பிடித்த பூட்டைத் தசை கிழியும்வரை திருகுவர். உறங்கும்போது எலி விரலைக் கடித்தாலும் உணரமாட்டார். இதனை அறிந்தபின் நோயாளர் துயிலும் இடத்தில் பூனைகளை வளர்க்கலாயினர். கடவுளின் சினம் என்றும் பழவினை என்றும் கூறப்பட்டது, எலியும் அடுப்பும் செய்த புண்ணாக விளங்கிற்று. பழி நீங்கினால் மன்னிக்கவேண்டிய குற்றமே இல்லை என்பது தெளிவாகும். நோயாளர்மீது சுமத்தப்பட்ட குற்றத்தை அறிவு இவ்வாறு துடைத்தது.

அறிவுடன் தொடுதலும் சேர்ந்தது. ஒரு நோயாளரைச் சோதித்தபோது பிராண்டு இயல்பாக அவர் தோளில் கைவைத்துப் பேச, அவர் அழத் தொடங்கினாராம். நெடுங்காலமாகத் தம்மை எவரும் தொட்டதில்லை என்பதே அழுகைக்குக் காரணம் எனப் பின்னர் அறிந்ததாகப் பிராண்டு எழுதியுள்ளார். விலக்கப்படுதலின் அச்சத்தை அவரும் ஓர் இரவு சுவைத்தவர். இங்கிலாந்துப் பயணத்தின்போது ஒருநாள் தம் குதிகால் உணர்விழந்திருக்கக் கண்டு, தமக்கும் நோய் தொற்றியதென எண்ணி, மனைவி மக்களைப் பிரிந்து வாழ வேண்டியதை நினைந்து இரவெல்லாம் கலங்கினார். காலையில் ஊசியால் குத்திப் பார்க்க, வலி தோன்றியது. நெடும் புகைவண்டிப் பயணத்தால் நேர்ந்த மரமரப்பே அஃது எனத் தெளிந்து வலிக்கு நன்றி கூறினார்.

6. நவஜீவ நிலையமும் காலணியும்

கை திருந்தியது, வாழ்வு திருந்தவில்லை. அறுவை பெற்றுச் சென்றவர் சிலர் மீண்டும் வந்து முறையிட்டனர். விரல்கள் மடங்கியிருந்தபோது இரக்கங் கொண்டு பிச்சையிட்டோர், நிமிர்ந்த கையைக் கண்டு இடமறுக்கின்றனர். நோய்த்தழும்பு உள்ளமையால் வேலையும் தர மறுக்கின்றனர் என்பது அவர்தம் குறை. இம்முறையீடு பணியாளரை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது. ஊர் தன் கதவைத் திறவாதிருக்கும்போது நோயாளரிடம் மட்டும் பொறையைப் போதித்தலால் பயன் என்ன?

இதற்கு விடையாக 1951-இல் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் தோன்றியது. முதிய அம்மையார் ஒருவர் அளித்த பொருள் அதற்குத் துணையாயிற்று. சிற்றூர்க் குடில்களைப் போன்றே வீடுகள் அமைத்து, அவற்றில் நோயாளர் தங்கித் திருந்திய கையைப் பயன்படுத்தக் கற்றனர். மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழிலும் தச்சும் பயின்றிருந்த பிராண்டு அவர்களுக்கு மரவேலை கற்பித்தார். மரப்பொம்மைகள் செய்து விற்றனர். கைத்தொழிலோடு ஊர் திரும்புபவர் இரந்து நிற்பவராகத் திரும்புவதில்லை. வீட்டார் அவரை ஏற்பதும், அவர் வீட்டாரைப் பொறுப்பதும் நிகர்நிலையில் நிகழ இத்தொழிற்கல்வி வழிசெய்தது. 1955-இல் வேலூருக்கு அருகே கரிகிரியில் ஷெபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் எழுந்தபின் இப்பணி விரிவடைந்தது. காட்பாடியில் 1960-களில் சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்தின் துணையோடு தோன்றிய தொழிற்கூடம் உடற்குறையுடையாரை எந்திர நுண்பணிகளிலும் ஈடுபடுத்தியது.

இவ்விடத்தேதான் தோல்தொழிலும் தொழுநோய்ப் பணியும் சந்தித்தன. உணர்விழந்த பாதத்தில் எடை ஒரே இடத்தில் அழுந்தினால் புண் தோன்றும். முள்ளும் ஆணியும் தெரியாமல் ஊடுருவும். எனவே எடையைப் பாதம் முழுதும் பரப்பும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் அடியும், ஆணி இல்லாத தைப்பும், குதிகாலைப் பிடிக்கும் தோல்வாரும் உடைய காலணிகள் வகுக்கப்பட்டன. அறுவையாளரின் கத்தியால் காக்கவியலாத பாதத்தைச் செருப்புத் தைப்பவரின் ஊசி காத்தது. பிறப்பால் இழிந்தோர் எனத் தள்ளப்பட்டவரின் கைத்திறம், நோயால் தள்ளப்பட்டவரின் நடைக்குத் துணையாயிற்று.

இக்காலணியிலும் ஓர் இடர் நேர்ந்தது. அதன் தனித்த தோற்றமே நோயைப் பறைசாற்றும் அடையாளமாகிவிட, அதனை அணிய நோயாளர் நாணினர். புண்ணைத் தவிர்ப்பதா, பழியைத் தவிர்ப்பதா என்ற நெருக்கடியில் பலர் புண்ணையே தேர்ந்தனர். கடைத்தெருவில் விற்கும் காலணியைப் போன்றே தோற்றமளிக்குமாறு அதனை அமைக்கும் முயற்சி இதனாலேயே தேவையாயிற்று. அன்பு செய்வோர் தம் அன்பு பெறுபவர்க்கு எவ்வாறு தோன்றும் என்பதையும் எண்ணவேண்டும் என்னும் பாடத்தை இக்காலணி கற்பித்தது.

7. திருச்சபையில் ஓர் இருக்கை

பிராண்டு தம் நூலொன்றில் விவரித்துள்ள நிகழ்ச்சி நம் பொருளுக்கு மிக நெருங்கியது. முகமும் நோயாற் கோணிய இளைஞர் ஒருவர் வேலூரில் மருத்துவம் பெற்றார். அவர் எளிதில் அன்பு செய்யத்தக்கவர் அல்லர். ஒழுக்கக் கேடுகள் உடையவர். பிறரால் ஒறுக்கப்பட்டு ஒறுக்கப்பட்டு மனம் கைத்துப்போனவர். பிராண்டின் தாயார் எவலின் அவரிடம் பரிவு காட்டினார். அவ்விளைஞர் கிறித்தவ சமயத்தில் நாட்டங்கொண்டபோது, ஊர்ச்சபை தம்மை ஏற்குமோ என ஐயுற்றார். பிராண்டு சபைப் பெரியோரிடம் சென்று, அவர் நோய் பிறர்க்குத் தொற்றும் நிலையில் இல்லை என விளக்கி, அவர் வழிபாட்டிற்கு வரலாமா, அனைவரும் ஒரே கிண்ணத்திற் பருகும் திருவிருந்திலும் பங்குகொள்ளலாமா என வினவினார். பெரியோர் ஒருவரையொருவர் நோக்கித் தயங்கினர், பின் இசைந்தனர்.

அவர் கோயிலினுள் நுழைந்த அன்று பின்வரிசையில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்து, தம் பக்கத்து இருக்கையைக் கையால் தட்டி அமருமாறு அழைத்தார். ஆண்டுகள் சென்றபின், உடற்குறையுடையார்க்கான தொழிற்கூடமொன்றில் நுண்ணிய திருகாணிகள் செய்து பரிசும் பெற்றிருந்த அவ்விளைஞர், தம் வாழ்வை மாற்றியது அந்த ஒரு செய்கையே என்று கூறினாராம்.

பெரியோரின் தயக்கத்தையும் பின்வரிசையாளரின் அழைப்பையும் சேர்த்தே எண்ணவேண்டும். சபை முறையாக இசைவு தந்தது. ஆயினும் இசைவினால் மட்டும் உறவு தோன்றிவிடவில்லை. உறவைத் தோற்றுவித்தவர் பெயர் தெரியாத தமிழர் ஒருவர். அயல்நாட்டு மருத்துவர் தொடுவதை ஊரார் வியப்பாகவே நோக்குவர். தம்மூரான் ஒருவன் இடம் தரும்போதுதான் விலக்கு உண்மையில் முறிகின்றது. வேலூர்ப் பணியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஸ்கட்டரையும் பிராண்டையுமே போற்றுகின்றனர். அது தக்கதே. அதனோடு, நோயாளரின் புண்ணைக் கழுவிய செவிலியரையும், செருப்புத் தைத்தோரையும், கணவனை மீண்டும் வீட்டிற்குள் அழைத்த மனைவியரையும், அவ்வரிசையில் வைத்து எழுதுதல் வேண்டும்.

8. மேரி வர்கீஸ்

இதுகாறும் வலியுடையார் மெலியார்க்குச் செய்ததைக் கண்டோம். தாமே நொறுங்குண்டவர் பிறர்க்கு ஆற்றிய பணிக்கு மேரி வர்கீஸ் சான்றாவார். 1925-இல் கேரளத்திற் பிறந்து வேலூரில் மருத்துவம் பயின்ற அவர், 1954 சனவரியில் நிகழ்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்பிற்குக் கீழ் உணர்விழந்தார். மகப்பேற்று மருத்துவராக வேண்டும் என்ற அவர்தம் கனவு அத்துடன் முடிந்தது. அமர்ந்தவாறே செய்யக்கூடியது தொழுநோயாளரின் கையறுவை என்று பிராண்டு எடுத்துக்காட்ட, அவர் சக்கர நாற்காலியில் இருந்தே அதனைப் பயின்று செய்தார். பின்னர் நியூயார்க்கிற் பயிற்சி பெற்றுத் திரும்பி, 1963 முதல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவத் துறையை வழிநடத்தினார். 1966-இல் அதற்கெனத் தனி நிலையமும் பாகாயத்தில் தோன்றியது. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 1986-இல் மறைந்தார்.

நம் பொருட்கு இவ்வரலாறு பயன்படுமாறு யாதெனின், நொந்தவர் தியாகம் செய்தல் கூடும், ஆயின் அது அவர் தாமே தேர்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதாம். விதியைப் பொறுத்துக்கொள் என்று மட்டும் அவரிடம் கூறியிருப்பின் அவர் கட்டிலோடு கிடந்திருப்பார். செய்யத்தக்க பணி ஒன்றை ஒருவர் காட்டினார். கருவியும் பயிற்சியும் கிடைத்தன. அதன்பின் அவர் ஈந்தது அவருடைய உரிமைக் கொடையாயிற்று.

9. சட்டம் காட்டும் முரண்

தனியாரின் அன்பு இவ்வாறு வளர, நாட்டின் சட்டம் வேறு வழியிற் சென்றது. தொழுநோயாளரை ஒதுக்கி வைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுதும் முற்றிலும் நீக்கப்பட்டது 2016-இல் தான். மணவாழ்க்கையைப் பொறுத்தமட்டில் முரண் இன்னும் கூர்மையானது. 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவிற்கு ஒரு காரணமாக ஏற்றது. கிறித்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டத்தில் 2001-இல் செய்யப்பட்ட திருத்தம், கொடிய, தீராத தொழுநோயைக் காரணமாகப் புதிதாகச் சேர்த்தது. உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டுமருந்து முறையைப் பரிந்துரைத்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழிந்தபின், நோய் மருந்தால் தீரும் என்பது நன்கு நிலைபெற்ற காலத்தில், இத்திருத்தம் நிகழ்ந்தது. தொழுநோயாளரைத் தொட்ட இயேசுவின் பெயரால் மணம் புரிந்தோர்க்கு அந்நோயே பிரிவிற்கு வழியாக்கப்பட்டது.

2019-இல் நாடாளுமன்றம் இயற்றிய தனியர் சட்டத் திருத்தம், இந்து, கிறித்தவ, இசுலாமியச் சட்டங்களையும் சிறப்புத் திருமணச் சட்டத்தையும் உள்ளிட்ட ஐந்து சட்டங்களினின்று இக்குறிப்பை நீக்கியது. பொதுநலச் சிக்கல் என்னும் அளவில் தொழுநோய் ஒழிந்ததாக, அதாவது 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவாக நோய் உள்ளதாக, இந்தியா 2005 இறுதியில் அறிவித்திருந்தது. சட்டம் திருந்த மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. இக்காலத்தும் புதிய நோயாளர் கண்டறியப்பட்டே வருகின்றனர். ஆதலின் உறவு பற்றிய வினா பழங்கதையாகிவிடவில்லை.

சட்டத்தினின்று காரணத்தை நீக்கியமையால் கணவன் மனைவியர் உள்ளம் கூடிவிடும் என யாம் கூறவில்லை. விலகுவதற்கு நோய் ஒரு நியாயமாகாது என்று அரசு உரைத்தது, அவ்வளவே. நளாயினியிடம் மட்டும் கேட்கப்பட்ட கடமை இப்போது இருபாலார்க்கும் பொதுவாயிற்று என்பது அதன் பயன்.

10. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. முதலாவது, வேலூர் வட்டார வரலாற்றில் கிறித்தவ மன்னிப்பு பெரும்பாலும் சொல்லாக வெளிப்படாது செயலாகவே வெளிப்பட்டது. குழந்தையை ஏற்றலும், தோளைத் தொடுதலும், இருக்கையைத் தட்டிக் காட்டலும் அதன் வடிவங்கள். இரண்டாவது, முறிந்த உறவில் முதற்சுமையை ஏற்கவேண்டியவர் வலிமையுடையவர். விலக்கிய வீடும் ஊரும் சபையும் சட்டமும் தம் பங்கைச் செய்யாதிருக்க, விலக்கப்பட்டவரைப் பார்த்துப் பொறுத்தருளுக எனல் அறவுரையாகாது. மூன்றாவது, நொந்தவரின் பொறை பெருமைக்குரியதே. ஆயின் அது அவர்தம் உரிமையான கொடை. அதனை எதிர்பார்க்கும் தகுதி, அவரோடு சுமையைப் பகிர்ந்தவர்க்கே உண்டு.

இம்முடிபு தொழுநோய்க்கு மட்டும் உரியதன்று. குடியால் சிதைந்த குடும்பத்திலும், சாதி மாறி மணந்த மகளை ஒதுக்கிய வீட்டிலும், பங்காளிப் பகையிலும் மன்னிக்குமாறு வற்புறுத்தப்படுபவர் பெரும்பாலும் மெலியவரே. அங்கெல்லாம் அறவுரை கூறுவோர், சுமையின் எப்பகுதியைத் தாம் ஏற்கப்போகின்றனர் என்பதை முதலில் வினவிக்கொள்ளுதல் நன்று. பொறை என்பதற்குச் சுமை எனவும் பொருள்கொண்ட நம் முன்னோரின் சொல்வழக்கு இவ்வினாவைத் தன்னுள் வைத்துள்ளது. கரிகிரி, நவஜீவ நிலையம் முதலியவற்றில் நலம்பெற்று ஊர் திரும்பியோர் தம் வாய்மொழியாகக் கூறும் செய்திகளைத் தொகுப்பின், இவ்வாய்வு மேலும் செழுமையுறும். அப்பணியை இளம் ஆய்வாளர் மேற்கொள்வாராக.